செல்லாத கோடு

மிளகு வாங்கும் கண்

கொச்சி நகரில் மட்டாஞ்சேரி இருக்கிறது. மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் இருக்கிறது. யூதர்கள் குடியிருந்த தெரு. அதனால் அந்தப் பெயர். 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூதர்களின் கோவில் இன்றும் அங்கே உள்ளது. அதைப் பார்க்கப் பல நாட்டு மக்கள் வருகிறார்கள்.

தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. மசாலாக் கடைகள் உண்டு. மிளகு, சுக்கு, ஏலக்காய், கிராம்பு வாசனை தெரு முழுவதும் வீசும். மிளகு வணிகர் சங்கத்தின் கட்டடமும் இங்கேதான் இருக்கிறது.

மிளகு வாங்க வருபவர் என்ன செய்வார்? ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். தேய்ப்பார். முகர்வார். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் கொஞ்சம் போடுவார். நல்ல மிளகு அடியில் போய் நிற்கும். மிளகோடு கலந்த பப்பாளி விதை மிதக்கும். கலப்படம் தெரிந்துவிடும். பிறகுதான் பணம் கொடுப்பார்.

இந்தத் தெருவில் மூட்டை தூக்குபவருக்கும் மிளகு புடைக்கும் பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனை தெரியும். ஆனால் இன்று நம் வீடுகளில் வேறு ஒரு சரக்கும் வாங்குகிறோம். அதைக் கையில் எடுக்க முடியாது. முகர முடியாது. தண்ணீரில் போட்டுப் பார்க்கவும் முடியாது. அந்தச் சரக்கின் பெயர் கோடு.

கோடு என்றால் என்ன?

இது நாம் தரையில் போடும் கோடு அல்ல. எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு ரகசிய வரிசை. பத்து, பன்னிரண்டு, பதினாறு எழுத்துகள் வரிசையாக இருக்கும்.

பிள்ளைகள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் விளையாடுகிறார்கள். சில விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சில விளையாட்டுகள் இலவசம். ஆனால் அதற்குள்ளே புதிய உடை, வண்டி, ஆயுதம், நாணயம் வாங்கக் காசு வேண்டும். அந்தக் காசைக் கோடு மூலமாகவும் கட்டலாம். கோட்டை உரிய இடத்தில் டைப் செய்தால் கணக்கில் பணம் ஏறும். அல்லது விளையாட்டு திறக்கும்.

கோட்டின் மதிப்பு எங்கே இருக்கிறது? அட்டையில் இல்லை. எழுத்துகளில் இல்லை. அதை வெளியிட்ட கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. "இந்தக் கோடு நம்முடையது, இதற்குப் பணம் வந்துவிட்டது, இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை" என்று கம்பெனிக் கணக்கு சொல்ல வேண்டும். அப்போதுதான் கோடு செல்லும். இல்லாவிட்டால் அது வெறும் எழுத்து.

கோடு நல்லதா என்று சோதிக்க ஒரே வழிதான் உண்டு. அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்குள் நம் பணம் விற்றவர் கைக்குப் போயிருக்கும். ஆகவே கோடு வாங்கும்போது சரக்கைப் பார்க்க முடியாது. விற்பவரைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தில் நாம் படிக்கப் போவது இதைத்தான்.

ஒரு வீட்டில் நடந்தது

ஒரு கதை சொல்லுகிறோம். இதில் வரும் ஆட்கள் கற்பனை. இப்படி நடப்பது உண்மை.

ஜூ டவுன் பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு குடும்பம். தாய் ஒரு மசாலாக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் ஒரே செல்போன். தாய் வேலை முடிந்து வந்ததும் மகன் அதில் விளையாடுவான்.

ஒரு நாள் மகன் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான். தாய் செல்போனை எடுத்தார். வங்கியிலிருந்து வந்த செய்தியில் 600 என்ற எண்ணைப் படித்தார்.

"ஏண்டா, இந்த 600 ரூபா எங்கே போச்சு?"

மகன் முதலில் பேசவில்லை. பிறகு அழுதான்.

"கேம் கோடு வாங்கினேம்மா. 1,000 ரூபா கோடு, 600 ரூபாய்க்குத் தர்றேன்னு குரூப்ல ஒருத்தர் சொன்னார். பணம் அனுப்பினேன். கோடு வந்துச்சு. போட்டா செல்லாதுன்னு வருது."

"அந்த ஆளைக் கேட்டியா?"

"கேட்டேன். இன்னும் 200 அனுப்பு, கோட்டைத் திறந்து விடறேன்னார். என்கிட்ட இல்லைன்னு சொன்னேன். சரி, 600ஐத் திருப்பித் தர்றேன், ஒரு படம் அனுப்பறேன், அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுன்னு சொல்றார்."

தாய்க்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. கணக்கில் வீட்டு வாடகைப் பணம் இருந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, எழுத்தறிவு வகுப்பு நடத்தும் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் செய்தியைப் படித்தார். "அக்கா, நல்ல வேளை, பின் நம்பர் போடல. பணம் வாங்கறதுக்குப் பின் நம்பர் வேண்டாம். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர். இதை ஸ்கேன் பண்ணிப் பின் போட்டிருந்தா உங்க வாடகைப் பணமும் போயிருக்கும்" என்றார்.

"டீச்சர், அப்ப அந்த 600?"

"கேட்டுப் பார்ப்போம் அக்கா. முதல்ல புகார் கொடுப்போம். நேரமாக ஆகப் பணம் கைமாறிக்கிட்டே போகும்."

அங்கிருந்தே 1930 என்ற எண்ணுக்குப் பேசினார்கள். புகார் எண் கிடைத்தது. அதை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்தார்கள். 600 ரூபாய் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் வாடகைப் பணம் தப்பியது.

தாய் வீட்டுக்கு வரும் வழியில் மகனைத் திட்டவில்லை. "நீ சொன்னதாலதான் மிச்சப் பணம் தப்பிச்சுது. இனிமே முன்னாடியே சொல்லு" என்றார்.

கோடு ஏன் செல்லவில்லை?

இதற்குப் பல காரணங்கள் உண்டு.

1. தவறாக டைப் செய்திருக்கலாம். ஆங்கில எழுத்து 'ஓ'வும் பூஜ்யமும் ஒன்றுபோல இருக்கும். ஆங்கில எழுத்து 'ஐ'யும் எண் ஒன்றும் ஒன்றுபோல இருக்கும். இது மோசடி இல்லை. திருத்தினால் சரியாகிவிடும்.

2. அட்டையைக் கடையில் திறந்துவிடாமல் இருக்கலாம். சில அட்டைகளுக்குப் பில் போடும் இடத்தில்தான் உயிர் வரும். பில் போடாமல் எடுத்து வந்த அட்டை செல்லாது.

3. முன்பே ஒருவர் பயன்படுத்தி இருக்கலாம். ஒரே கோட்டைப் பத்துப் பேருக்கு விற்பவர்கள் உண்டு. முதலில் போட்டவருக்கு மட்டும் கிடைக்கும்.

4. கோடே பொய்யாக இருக்கலாம். வாய்க்கு வந்த எழுத்தை எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

5. வேறு நாட்டுக் கோடாக இருக்கலாம். கூகுள் பிளே கோட்டை எந்த நாட்டுக்காக விற்றார்களோ, அந்த நாட்டுக் கணக்கில்தான் போட முடியும். வெளிநாட்டுக் கோட்டை மலிவாக வாங்கினால் நம் கணக்கில் ஏறாது.

6. விளையாட்டே இங்கே தடை செய்யப்பட்டிருக்கலாம். மத்திய அரசு 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் விளையாட்டைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டைத் தடை செய்தது. தடை வந்த விளையாட்டுக்குக் கோடு வாங்கி என்ன பயன்?

7. திருட்டுக் கோடாக இருக்கலாம். இதுதான் பலருக்கும் புரியாத காரணம். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இன்று செல்லும், நாளை செல்லாது

ஒரு திருடன் யாரோ ஒருவருடைய கடன் அட்டை எண்ணைத் திருடுகிறான். அந்த எண்ணைக் கொண்டு நல்ல கடையிலேயே நூறு கோடுகள் வாங்குகிறான். அவற்றைப் பாதி விலைக்கு விற்கிறான். நாம் ஒன்றை வாங்குகிறோம். கோடு செல்கிறது. விளையாட்டு திறக்கிறது. நமக்கு மகிழ்ச்சி.

பிறகு அட்டையின் சொந்தக்காரர் விழிக்கிறார். "நான் வாங்கவில்லை" என்று வங்கியில் சொல்கிறார். வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கம்பெனிக்குப் பணம் இல்லை. ஆகவே கம்பெனி அந்தக் கோட்டை ரத்து செய்கிறது. கடைசியில் கையில் வைத்திருப்பவர் யார்? நாம்தான். திருடன் எப்போதோ போய்விட்டான்.

இது உலகம் முழுவதும் நடக்கிறது. இரண்டு செய்திகளைப் பாருங்கள்.

பிரான்சு நாட்டில் உபிசாஃப்ட் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனி இருக்கிறது. 2015 ஜனவரியில் பலருடைய கணக்கிலிருந்து 'ஃபார் க்ரை 4' முதலிய விளையாட்டுகள் திடீரென்று மறைந்தன. திருட்டு அட்டையில் வாங்கிய கோடுகள் மறுவிற்பனைக்காரர் மூலம் இவர்களிடம் வந்திருந்தன. அதனால் கம்பெனி அவற்றை நீக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். சில நாள் கழித்து, அந்த விளையாட்டை ஏற்கெனவே தொடங்கி ஆடியவர்களுக்கு மட்டும் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. ஆடத் தொடங்காதவர்கள் வாங்கிய இடத்தில்தான் பணம் கேட்க வேண்டியிருந்தது.

செக் நாட்டில் வூபே என்ற சிறிய கம்பெனி 'ஃபேக்டோரியோ' என்ற விளையாட்டைச் செய்தது. அதன் திருட்டுக் கோடுகள் ஜி2ஏ என்ற மறுவிற்பனைச் சந்தையில் விற்கப்பட்டன என்று அது புகார் சொன்னது. ஆராய்ந்து பார்த்தார்கள். 198 கோடுகள் முறையற்ற வழியில் வந்தவை என்று தெரிந்தது. 2020ஆம் ஆண்டு ஜி2ஏ அந்தக் கம்பெனிக்கு 39,600 டாலர் கொடுத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மறுவிற்பனைச் சந்தையில் கோட்டின் பிறப்பு நமக்குத் தெரியாது. மலிவு விலைக்குப் பின்னால் ஒருவருடைய இழப்பு இருக்கலாம். அந்த இழப்பு சுற்றிச் சுற்றி நம் வீட்டுக்கே வரலாம்.

யாரிடம் வாங்கலாம்?

விளையாட்டுக்கு உள்ளே இருக்கும் கடையில் வாங்கலாம். செல்போனில் உள்ள பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் மூலம் வாங்கலாம். கம்பெனி தன் இணையதளத்தில் "இவர்கள் எங்கள் விற்பனையாளர்கள்" என்று பெயர் சொல்லியிருந்தால் அவர்களிடம் வாங்கலாம். கம்பெனியின் தளத்தை நாமே தேடிப் போக வேண்டும். விற்பவர் அனுப்பும் இணைப்பை அமுக்கிப் போகக் கூடாது.

கடையில் அட்டை வாங்கினால் இவற்றைப் பாருங்கள்:

உறை கிழியாமல் இருக்கிறதா?
சுரண்டும் பூச்சு அப்படியே இருக்கிறதா?
எந்த நாட்டுக்கு உரியது என்று எழுதி இருக்கிறதா?
கடைசித் தேதி இருக்கிறதா?
கடைக்காரர் பில் போட்டு அட்டையைத் திறந்து விட்டாரா?

பில் கட்டாயம் கேளுங்கள். "பில் இல்லாமல் 50 ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்ற பொருளுக்குப் பில் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

பெரிய இணையக் கடைகளிலும் கவனம் வேண்டும். கடை பெரியது. ஆனால் அதற்குள் விற்பவர் வேறு யாரோவாக இருக்கலாம். விற்பவர் பெயரைப் படித்துப் பாருங்கள்.

குரூப்பில் வரும் ஆளிடம் வாங்காதீர்கள். அவருக்குக் கடை இல்லை. முகவரி இல்லை. செல்போன் எண்ணை மாற்றினால் ஆளே இல்லை. மிளகு தரம் கெட்டால் கடைக்குப் போய்க் கேட்கலாம். இவரிடம் எங்கே போய்க் கேட்பது?

பணம் வைத்து ஆடும் விளையாட்டு வேறு. அதற்குக் கோடு, ரீசார்ஜ் எதுவும் வாங்காதீர்கள். இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது.

செல்லாவிட்டால் என்ன செய்வது?

பதறாதீர்கள். வரிசையாகச் செய்யுங்கள்.

முதல் வேலை: கோட்டை மறுபடி மெதுவாக டைப் செய்யுங்கள். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டு முறை போதும். சும்மா மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

இரண்டாம் வேலை: திரையில் என்ன வருகிறது என்று படியுங்கள். "பயன்படுத்தப்பட்டது" என்றால் ஒரு பொருள். "தவறான கோடு" என்றால் ஒரு பொருள். "இந்த நாட்டில் செல்லாது" என்றால் வேறு பொருள். ஆங்கிலம் படிக்க முடியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் வேலை: சாட்சிகளைச் சேர்த்து வையுங்கள். அட்டை, பில், பணம் அனுப்பிய எண், தேதி, நேரம், விற்றவர் பெயர், அவர் அனுப்பிய செய்திகள். கோபத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவைதான் நம் கையில் உள்ள ஆதாரம்.

நான்காம் வேலை: விற்றவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். "மாற்றுக் கோடு கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதுங்கள். ஒரு தேதி குறிப்பிடுங்கள். விற்றவர் கடைக்காரராக இருந்தால் இது பல நேரம் போதும்.

ஐந்தாம் வேலை: விளையாட்டுக் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கும் எழுதுங்கள். வெளி ஆளிடம் வாங்கிய கோட்டுக்குக் கம்பெனி பொதுவாகப் பணம் தராது. ஆனால் கோட்டில் என்ன கோளாறு என்று அது சொன்னால், புகாருக்கு அது உதவும்.

ஆறாம் வேலை: விற்றவர் பதில் சொல்லாவிட்டால் 1915க்குப் பேசுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

விற்றவர் ஓடிவிட்டாரா? நம்மைத் தடுத்துவிட்டாரா? அப்படியானால் இது மோசடி. மற்ற வேலைகளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 1930க்குப் பேசுங்கள். இது சைபர் மோசடிக்கான உதவி எண். நம் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். சீக்கிரம் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் சொல்லுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும், பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தராது. எல்லாப் புகாரிலும் பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் புகார் கொடுத்தால் மோசடி செய்தவரின் கணக்கு வெளிச்சத்துக்கு வரும். அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பலாம்.

இரண்டாம் வலை

முதல் ஏமாற்றத்தைவிட இரண்டாம் ஏமாற்றம் பெரியது. பணம் போன வருத்தத்தில் இருக்கும்போதுதான் அந்த வலை விழும். அதன் முகங்கள் இவை:

"இன்னும் கொஞ்சம் பணம் கட்டு, கோடு திறக்கும்" என்பார்கள். கட்டாதீர்கள்.

"ஓ.டி.பி. சொல்லு, பணம் திருப்புகிறேன்" என்பார்கள். சொல்லாதீர்கள்.

"விளையாட்டுக் கணக்கின் பாஸ்வேர்டு கொடு, நானே போட்டு விடுகிறேன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். கணக்கே போய்விடும்.

"இதை ஸ்கேன் செய்து பின் போடு, பணம் வரும்" என்பார்கள். பணம் வராது, போகும்.

"நான் புகார் அதிகாரி, கட்டணம் கட்டினால் மீட்டுத் தருவேன்" என்று ஒருவர் பேசுவார். 1915க்கும் 1930க்கும் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதனால் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். பிறகு 2019இல் புதிய சட்டம் வந்தது. அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் வாங்குபவரையும் இந்தச் சட்டம் காக்கிறது.

இணையக் கடை தன் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும். குறை கேட்கும் அதிகாரியின் பெயரையும் காட்ட வேண்டும். அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் நம் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். இவை 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் உள்ளன.

அப்படியும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் இருப்பவர் எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. சட்டத்தின் கை நீளுவதற்கு ஒரு பெயரும் முகவரியும் வேண்டும். முகவரி இல்லாதவரிடம் வாங்கினால் யார் மீது வழக்குப் போடுவது? ஆகவே வாங்கும்போதே பெயர், முகவரி, பில் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

புகார்க் கடிதம் எழுதுவோம்

விற்றவருக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம். கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

அனுப்புநர்:
பெயர் __________
முகவரி __________

பெறுநர்:
கடையின் பெயர் __________
முகவரி __________

தேதி __________

பொருள்: செல்லாத கோட்டுக்குப் பணம் திருப்பித் தருவது பற்றி

ஐயா,

நான் __________ தேதி அன்று தங்களிடம் __________ விளையாட்டுக்கான கோடு ஒன்று வாங்கினேன். அதற்கு __________ ரூபாய் கொடுத்தேன். பில் எண் / பணம் அனுப்பிய எண் __________. கோட்டைப் போட்டபோது " __________ " என்று திரையில் வந்தது. கோடு செல்லவில்லை.

15 நாட்களுக்குள் நல்ல கோடு தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன். பில்லின் நகலும் திரையின் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கையொப்பம் __________

பில்லின் நகலை மட்டும் அனுப்புங்கள். அசலை வீட்டில் வையுங்கள். கடிதத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் பேசுவோம்

ஏமாந்த பிள்ளை முதலில் மறைக்கும். அடி விழும் என்று பயப்படும். பயத்தில் இன்னும் பணம் அனுப்பும். பிறரிடம் கடன் வாங்கும். ஏமாற்றுபவன் நம்பி இருப்பது இந்தப் பயத்தைத்தான்.

ஆகவே பிள்ளை உண்மையைச் சொன்னால் அடிக்காதீர்கள். முதலில் பணத்தைக் காப்போம். பிறகு பேசுவோம். பின் நம்பரைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். விளையாட்டுக்குக் காசு கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்று வீட்டில் கூடி முடிவு செய்யுங்கள். வாங்குவதானால் பெரியவர் பக்கத்தில் இருந்து வாங்குங்கள்.

"எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். விளையாட்டு தெரிய வேண்டாம். பில், முகவரி, விலை, தேதி படிக்கத் தெரிந்தால் போதும். அது உங்களுக்கு இப்போது தெரியும்.

எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அதுதான் முதல் மாவட்டம். அன்று மக்கள் பஸ் பலகை படிக்கக் கற்றார்கள். கையெழுத்துப் போடக் கற்றார்கள். இன்று செல்போன் திரையைப் படித்து, நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்யக் கற்க வேண்டும். இதுவும் எழுத்தறிவுதான்.

நினைவில் வைப்போம்

கோட்டைச் சோதிக்க முடியாது. விற்பவரைச் சோதிக்க முடியும்.
பாதி விலை என்றால் முழு எச்சரிக்கை.
பில் இல்லாத கோடு வேண்டாம்.
பணம் வாங்கப் பின் நம்பர் தேவை இல்லை.
கடைக்காரர் மீது புகார்: 1915.
மோசடி என்றால் உடனே: 1930.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. கோட்டின் மதிப்பு எங்கே இருக்கிறது?
2. நேற்று செல்லிய கோடு இன்று ஏன் செல்லாமல் போகலாம்?
3. கோடு செல்லாவிட்டால் எந்தெந்தச் சாட்சிகளைச் சேர்த்து வைக்க வேண்டும்?

ஆ. சரியா, தவறா?
1. பணம் திரும்பி வர நாம் பின் நம்பர் போட வேண்டும்.
2. விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் நம் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.
3. ஏமாற்றியவர் அனுப்பிய செய்திகளை உடனே அழித்துவிட வேண்டும்.

இ. வகுப்பில் பேசுங்கள்.
உங்கள் தெருவில் செல்போன் ரீசார்ஜ், கோடு, டிக்கெட் விற்கும் கடைகள் எவை? அவற்றில் பில் தருகிறார்களா? அடுத்த வகுப்புக்கு ஒரு பில் கொண்டு வாருங்கள். அதில் கடையின் பெயர், முகவரி, தேதி, தொகை ஆகியவற்றைக் கண்டுபிடித்துப் படியுங்கள்.

சொற்பொருள்

மறுவிற்பனை – ஒருவரிடம் வாங்கியதை இன்னொருவருக்கு விற்பது
நுகர்வோர் – காசு கொடுத்துப் பொருளையோ சேவையையோ வாங்கிப் பயன்படுத்துபவர்
ஆணையம் – குறைகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு
நகல் – அசலைப் பார்த்து எடுத்த படி
ரத்து – செல்லாது என்று நீக்குவது